இடப்பக்கம் சாய்ந்த ஊசி

எங்கள் ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியில் புது பாட்டரி அலமாரி வைத்திருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று மின் பிரிவு அலுவலகத்து ஷர்மிளா என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அவள் இப்போதைய உதவிப் பொறியாளர். நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. "நீங்க மொதமொத வேலைக்குச் சேந்த எடம்தானே மேடம் இது? அந்தக் காலத்து பாட்டரி ரூம் பத்தி நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்றாள். சரி என்றேன். பிறகுதான் அலமாரி எங்கே நிற்கிறது என்று கவனித்தேன். பழைய பாட்டரி அறை இருந்த அதே இடம். சுவர்களை இடித்துவிட்டார்கள். தரையை விட்டுவைத்திருந்தார்கள். அமிலம் தின்ற தரை அது. ஒன்பதாம் செல் நின்ற இடத்துக்கு நேர் கீழே வட்டமாக ஒரு கறை உண்டு. அலமாரியின் ஒரு கால் சரியாக அதன் மேல் நின்றது.

அன்று அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த அறை.

நான் திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா நயினார் வீட்டு நிலத்தில் கூலி வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான். முதலில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். என் மார்க் ஷீட்டை அப்பா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எஸ்தரு எல்லாத்தையும் சரியாத்தான் எழுதிக்கினு இருக்குது" என்று தெருவெல்லாம் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் படிக்கத் தெரியாது. மெட்ராஸில் மூன்று வருடம் எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தேன். அந்த மூன்று வருடத்தில் எனக்கு ஒன்று மட்டும் உறுதியாகப் புரிந்தது: பக்கத்துப் பையன் தப்புச் செய்தால் அது அவன் தப்பு, நான் தப்புச் செய்தால் அது என் தெருவின் தப்பு.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த ஆஸ்பத்திரியின் மின்சாரப் பொறுப்புக்கு ஓவர்சீயராக என்னைப் போட்டார்கள். ஒயர்மேன்கள் நான்கு பேர் என்னைப் பார்க்கவே ஒரு நாள் வந்தார்கள். முதல் வாரத்திலேயே ஒரு மீட்டரின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிப் பிடித்துவிட்டேன். அவ்வளவுதான். ஒரு மாதம் ஓடியது அந்தக் கேலி. "ஓவர்சீயரம்மா, செவப்புதான் ப்ளஸ்ஸு. பொட்டுன்னு ஞாபகம் வச்சுக்கோங்கம்மா" என்பான் ஒருவன். "அவங்க பொட்டு வெக்க மாட்டாங்கப்பா, அதான் மறந்துட்டாங்க" என்பான் இன்னொருவன். நான் சிரித்ததில்லை. இனி என் கை தப்பாது என்று மட்டும் முடிவு செய்தேன். கர்வம்தான். அது இல்லாமல் நான் அந்த வேலையில் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டேன்.

அந்தக் காலத்து மின்சாரத்தைப் பற்றி இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் இருநூற்று முப்பது வோல்ட் காட்டும் மீட்டர், மாலை ஆறு மணிக்கு மேல் கீழே இறங்கத் தொடங்கும். வீட்டு விளக்குகள், அரிசி மில்கள், தாமல் ஏரிப் பக்கத்துப் பம்புசெட்டுகள், பட்டு முறுக்கும் மில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். தை மாதம் மோசம். முகூர்த்தப் புடவைகளுக்காக முறுக்கு மில்கள் ஓயாமல் ஓடும். ஏழு மணிக்கு மீட்டர் நூற்று அறுபதைத் தொடும். குழல்விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டுச் செத்துவிடும். குண்டு பல்பு சிவந்த புழு மாதிரி நெளியும். அந்த வெளிச்சத்தில் யாரும் அறுவை செய்ய முடியாது. பெட்ரோமாக்ஸும் கூடாது. மயக்க மருந்தாக ஈதர் கொடுத்த காலம் அது. ஒரு பொறி பட்டால் அறையே எரியும்.

அதற்காகத்தான் பாட்டரி. இடுப்பளவு மர மேடையில் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு செல். ஒவ்வொன்றிலும் அமிலத்தில் மூழ்கிய ஈயத் தகடுகள். செல்லுக்கு இரண்டு வோல்ட். பன்னிரண்டையும் கைகோத்த மாதிரி வரிசையாகச் சேர்த்தால் இருபத்து நான்கு. ஊர் தூங்கிய பிறகு, மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் நேரத்தில், பாட்டரியை ஏற்றிவைப்போம். மறுநாள் ஊரே இழுக்கும் ஆறு முதல் ஒன்பது மணி வரை ஆபரேஷன் தியேட்டர் ஊரிடம் கை நீட்டாமல் பாட்டரியில் எரியும். இன்று பெரிய பெயர் வைத்துச் சொல்லும் உச்சநேரச் சுமைக் குறைப்பு முழுவதும் அந்தப் பன்னிரண்டு தொட்டிகளில் அடக்கம்.

கைகோத்த வரிசையில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கை விட்டால் பன்னிரண்டும் நிற்கும்.

என் மேலதிகாரி வேதாசலம் சார். உதவிப் பொறியாளர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் பேசும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், அவ்வளவு மெதுவாகப் பேசுவார். ரிஜிஸ்டரை நின்றுகொண்டேதான் படிப்பார். விரலைத் தாளில் படவிடாமல் ஒரு நூல் உயரத்தில் ஓட்டிக்கொண்டே வருவார். ஏதாவது ஓர் எண்ணின் மேல் அந்த விரல் நிற்கும். நிமிர்ந்து பார்க்காமல் கேட்பார்: "இது பாத்ததா, நெனச்சதா?"

எனக்கு முன்னால் இருந்தவர் அறைக்குள் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தே எண்களை எழுதிக்கொண்டிருந்தாராம். அந்தக் கேள்விக்கு அவர் மூன்று முறை "பாத்ததுதான் சார்" என்றாராம். நான்காவது முறை கேள்வி வரவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது. என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பதில்தான் சொன்னேன். "பாத்தது சார்." உண்மையும் அதுதான்.

தினமும் காலை பத்து மணிக்கு அளவு எடுப்பேன். ரப்பர் ஏப்ரன், ரப்பர் கையுறை, பக்கத்தில் ஒரு பக்கெட் சோடா உப்புக் கரைசல். அமிலம் தெறித்தால் உடனே அதில் முக்க வேண்டும். டார்ச் வேண்டுமென்றால் வெளியிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். தொட்டிகளிலிருந்து வரும் வாயு ஒரு சுவிட்சின் பொறிக்கே பற்றும். ஹைட்ரோமீட்டரில் அமிலத்தை உறிஞ்சி அடர்த்தி பார்ப்பேன். வற்றியிருந்தால் வடித்த தண்ணீர் ஊற்றுவேன். பிறகு ஒவ்வொரு செல்லின் வோல்ட்.

அறைக்கு உதவியாள் கன்னியப்பன். ஐம்பது வயது. ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவர். அமிலம் பட்டுப் பட்டு அவருடைய வேட்டி சல்லடையாக இருக்கும். "ஓவர்சீயரம்மா, இத்த கட்டிக்கினு போனா காத்தோட்டமா இருக்குதுமா" என்பார். நான் அவரை அண்ணா என்பேன். அவருக்கு ஒரே மகள், அமுதா. கல்யாணமாகி நான்கு வருடம். இரண்டு குழந்தைகள் பிறந்ததும் இறந்துவிட்டன. மூன்றாவது தை மாதத்தில் பிறக்க இருந்தது. இந்த ஆஸ்பத்திரியில்தான், அறுவை செய்தே எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜையன்று கன்னியப்பன் பன்னிரண்டு தொட்டிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எனக்கு அந்த வழக்கம் இல்லை, தடுக்கவும் இல்லை. மூடிகள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவர் ஒன்பதாம் செல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்கழி நடுவில் ஒரு பகல் இரண்டு மணிக்கு அவர் என் மேசைக்கு வந்தார்.

"ஓவர்சீயரம்மா, ஒம்போது பேசுது."

"சார்ஜ் ஏறும்போது எல்லா செல்லும்தான் கொப்பளிக்கும்ணா."

"இப்ப எங்கமா சார்ஜ் ஏறுது? சுச்சு நடுவுல நிக்குது. வந்து பாருமா."

போனேன். சார்ஜும் இல்லை, சுமையும் இல்லை. பதினோரு தொட்டிகள் கிணறு மாதிரி அசையாமல் இருந்தன. ஒன்பதாவதில் ஒரு குமிழ் மேலே வந்து வெடித்தது. பளுக். சிறிது இடைவெளி. மறுபடியும் ஒன்று. அந்த இடைவெளி ஒரே அளவாக இல்லை. ஒருவர் பேசி முடிக்கக் காத்திருந்து பதில் சொல்வதைப் போல இருந்தது. ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். அடர்த்தி மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் விதிக்குள்தான். வோல்ட் சரி. ரிஜிஸ்டரில் எழுதினேன்: 'ஒன்பது: சிறிது கொப்பளிப்பு.'

அடுத்த வாரம் அறைக் கதவை நெருங்கும்போது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. கன்னியப்பன் யாரோடோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தினார். பளுக் என்றது. "அப்ப சரி" என்றார். மறுபடி ஏதோ கேட்டார். இந்த முறை வெகுநேரம் எதுவும் வரவில்லை. அவர் மூச்சுவிடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. பிறகு பளுக்.

உள்ளே போனேன். வேறு யாரும் இல்லை.

"யார்கிட்டண்ணா பேசறீங்க?"

"ஒண்ணும் இல்லமா. கேட்டா சொல்லுது. அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகும்போது வாயைத் திறக்காமல் போகப் பழகிக்கொண்டேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. நான் படித்தவள்.

தை பிறந்தது. மாலை ஏழரை மணிக்கு மேல் தியேட்டர் விளக்கு மஞ்சளாகிறது என்று சிஸ்டர் சொல்லியனுப்பினார். வேதாசலம் சாரிடம் போய், இனி மாலையிலும் செல் வாரியாக வோல்ட் எடுக்கிறேன் என்றேன். அதுவரை யாரும் செய்ததில்லை. காலையில் ஏற்றி முடித்த பாட்டரியை அளப்பதுதான் வழக்கம். வேலை செய்துகொண்டிருக்கும் பாட்டரியை அல்ல.

"எடு. பன்னெண்டையும் கூட்டு. பலகை மீட்டரோட ஒத்துப் பாரு" என்றார். பலகை மீட்டர் என்பது தியேட்டர் வாசலில் மொத்த வோல்ட்டைக் காட்டும் மீட்டர்.

செல் அளக்கும் மீட்டரில் சுழியம் நடுவில் இருக்கும். சிவப்பு ஒயரை ப்ளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தால் ஊசி வலப்பக்கம் சாயும். மாற்றி வைத்தால் இடப்பக்கம். முதல் மாலை, சுமை ஏறி இரண்டு மணி நேரம் கழித்து, ஒன்றிலிருந்து தொடங்கினேன். எட்டு வரை 1.9. ஒன்பதில் வைத்தேன். ஊசி இடப்பக்கம் சாய்ந்தது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மறுபடியும் மாற்றிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். யாராவது பார்த்தார்களா என்று கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஒயர்களை மாற்றி வைத்தேன். ஊசி வலப்பக்கம் 1.8 என்று நின்றது. 1.8 என்று எழுதினேன். மீதி மூன்றும் 1.9. கூட்டினால் 22.7. பலகை மீட்டர் 19.1 காட்டியது. பழைய மீட்டர், முள் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் மாலையும் அதேதான். மூன்றாம் மாலை ஒன்பதுக்கு வந்தபோது ஊசி சாய்வதற்கு முன்பே என் கைகள் தாமாக மாறிக்கொண்டன. என் இரண்டு கைகளுக்கும் தெரிந்திருந்தது.

நான்காம் மாலை அமுதாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

ஏழு மணி. கன்னியப்பன் தியேட்டர் வாசலில் நிற்காமல் பாட்டரி அறையில் நின்றார். சுமை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது இப்போது இடைவெளி விடாமல் கொப்பளித்தது. தொட்டியின் மேல் கை வைத்தேன். சோற்றுப் பானை மாதிரிச் சுட்டது. மற்ற பதினொன்றும் குளிர்ந்திருந்தன. சிஸ்டர் ஓடிவந்தார். "எஸ்தர், லைட்டு டல்லாவுது. டாக்டரம்மா கத்தி எடுத்தாச்சு."

ஆபீஸ் அறைக்கு ஓடிப் போனைச் சுழற்றினேன். உச்ச நேரம் முடியும்வரை வேதாசலம் சார் வீட்டுக்குப் போவதில்லை. எடுத்தார்.

"சார், பலகை மீட்டர் கொறைச்சுக் காட்டுது. செல்லெல்லாம் சரியாத்தான் இருக்குது."

"கூட்டினா எவ்ளோ?"

"மூணு நாளா 22.7 சார்."

"மீட்டர்?"

"19.1."

"கொறையறது எவ்ளோ?"

"3.6 சார்."

"அதுல பாதி?"

"1.8" என்றேன்.

சொன்னவுடன் என் வாயிலேயே அந்த எண் திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு செல் கொடுக்க வேண்டிய 1.8-ஐக் கொடுக்காமல், மற்றவற்றிடமிருந்து 1.8-ஐப் பிடுங்கிக்கொண்டால்தான் கணக்கில் அதைப் போல இரண்டு மடங்கு குறையும். ஒயர்கள் மாறவில்லை. செல்தான் மாறியிருந்தது. ஒன்பது தலைகீழாகிவிட்டது.

"எஸ்தர்" என்றார். "ஒம்போதுக்கு நேரா எழுதினது பாத்ததா, நெனச்சதா?"

அந்த ஒரு வருடத்தில் முதல் முறையாகச் சொன்னேன். "நெனச்சது சார்."

"சூடா இருக்கா?"

"கை வெக்க முடியல சார்."

"கண்ணாடி வெடிச்சா மொத்தமும் போயிடும். அத வெளிய எடு. எட்டுலேர்ந்து பத்துக்கு நேரா போடு. டாக்டரம்மாகிட்ட என்ன சொல்லணுமோ உண்மையச் சொல்லு."

தியேட்டர் கதவிடுக்கில் நின்று சொன்னேன். என் அளவு தப்பு, ஒரு செல்லை நீக்க வேண்டும், இரண்டு நிமிடம் விளக்கு இருக்காது. டாக்டரம்மா திரும்பவில்லை. "ஒண்ணரை தரேன். டார்ச் நாலும் இங்க புடிங்க. நான் சொன்னப்புறம் நிறுத்து" என்றார்.

ஒரு டார்ச்சை வெளியிலேயே போட்டுக்கொண்டு அறைக்குள் போனேன். தடித்த ஒயர், ஸ்பானர் எடுத்து வைத்தேன். கன்னியப்பன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத எடுக்காதம்மா."

"விடுங்கண்ணா."

"அம்மா, கேளு. அமுதாவோட முகூர்த்தப் பொடவ சரிகை அதுல கீது. நான்தான் போட்டேன், ஆயுத பூசை அன்னிக்கு. ஆப்பரேசனுக்கு வெளக்கு குடுக்கற சாமி இதானேன்னு போட்டேன். ரெண்டு புள்ளய வாரிக் குடுத்தவம்மா நானு. வேண்டிக்கினு போட்டேன். அன்னிலேர்ந்து அது கேட்டுக்கினு இருக்குது. பதில் சொல்லிக்கினு இருக்குது. இப்ப போயி அத்த எடுத்தா…"

அவர் அழவில்லை. கை மட்டும் இரும்பு மாதிரி இருந்தது. வெளியே வராந்தாவில் ஆயாம்மா குரல் கேட்டது: "நிறுத்தலாமாம்!"

"அண்ணா, அது கேக்கல. திங்குது" என்றேன். "மத்த பதினொண்ணும் அமுதாவுக்குக் குடுக்கறத இது ஒண்ணு நின்னு திங்குது."

அவர் தொட்டியைப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே இருந்த சுவிட்சை நிறுத்தினேன்.

சுமை நின்றது. அறையில் கரண்ட் பல்பின் சிவப்புப் புழு மட்டும். டார்ச்சைக் கன்னியப்பன் வாங்கிப் பிடித்தார். நான் சத்தமாக எண்ணிக்கொண்டே எட்டின் நட்டைக் கழற்றினேன். இருபது. பத்தின் நட்டு துருப்பிடித்து நகரவில்லை. முப்பத்தைந்து. ஸ்பானர் வழுக்கி விரல் தோல் உரிந்தது. நாற்பத்தொன்று. நகர்ந்தது. ஒன்பதின் இரண்டு கைகளும் இப்போது எதையும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் அது கொப்பளிப்பதை நிறுத்தவில்லை. நான் எண்ண எண்ண, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒன்று. ஐம்பது, பளுக். ஐம்பத்தொன்று, பளுக். என் பின்னால் கன்னியப்பன் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "போதும். வாங்கிக்கினது போதும். விட்டுடு."

புது ஒயரை எட்டிலும் பத்திலும் முடுக்கினேன். கதவை எட்டி எழுபத்தெட்டில் சுவிட்சைப் போட்டேன். தியேட்டர் ஜன்னல் வெள்ளையாக ஒளிர்ந்தது. அந்த நொடியில் ஒன்பது அடங்கியது. தேய்ந்து அடங்கவில்லை, காது கொடுப்பதற்காகப் பேச்சை நிறுத்துகிறவர் போல, சட்டென்று.

நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. பிறகு ஆயாம்மா வந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். எதோடும் சேராமல் தனியாக நின்ற ஒன்பதாம் செல் மறுபடி கொப்பளித்துக்கொண்டிருந்தது. இதற்கு விளக்கம் உண்டு. சரிகையில் இருக்கும் வெள்ளியும் செம்பும் அமிலத்தில் கலந்தால் ஈயத் தகடு தன்னைத்தானே தின்னத் தொடங்கும். சும்மா இருக்கும்போதும் குமிழ் விடும். நாளாக நாளாகச் செல்லின் பலம் போகும். காலையில் பார்த்தால் தெரியாது, மாலையில் சுமை ஏறும்போதுதான் மற்றவற்றின் இழுப்பில் தலைகீழாகும். எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த இடைவெளிகளைப் பற்றி மட்டும் எதுவும் இல்லை.

கன்னியப்பன் மகளோடு வார்டில் இருந்தார். நான் தனியாக அமிலத்தை வடித்துத் தகடுகளைத் தூக்கினேன். அடியில் வண்டலுக்குள் அது கிடந்தது. விரல் நீளச் சரிகை, முடிச்சுப் போட்டது. உள்ளே இருந்த பட்டு கரைந்துபோய்க் கம்பி மட்டும் கறுத்து நின்றது. ஓர் இடத்தில் இன்னும் பொன் மின்னியது. கையுறையைக் கழற்றிவிட்டு அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவில் வேதாசலம் சாரின் நிழல் விழுந்தது. கையை மூடிக்கொண்டேன்.

அரசாங்கச் சாதனத்தில் வேண்டுமென்று அயல்பொருள் போட்டால் வேலை போகும், போலீஸும் வரும். கன்னியப்பனுக்கு அந்தச் சம்பளத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்.

அவர் வண்டலைப் பார்த்தார். வெகு மெதுவாகப் பேசினார். இது மாதிரி ஒரு செல் தானாகக் கெடாது என்றார். உலோகம் ஏதாவது விழுந்திருக்க வேண்டும் என்றார். இந்த ஊரில் விழக்கூடிய உலோகம் எது என்று யோசித்தாயா என்றார். என் உள்ளங்கையில் சரிகையோடு ஒட்டியிருந்த அமிலம் கடிக்கத் தொடங்கியது. முதலில் அரிப்பு. பிறகு நெருப்பு.

"சரிகையா இருக்குமோன்னு தோணுது சார்" என்றேன். பொய்யை முழுதாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் முதல் முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்ததா, நெனச்சதா?"

"நெனச்சது சார்."

மூடியிருந்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நெனச்சத ரிப்போர்ட்ல எழுத முடியாது" என்றார். திரும்பி நடந்தவர் வாசலில் நின்று, "கைய சோடா தண்ணில கழுவு. சீக்கிரம்" என்றார்.

ரிஜிஸ்டரில் என் மூன்று 1.8-களையும் அடிக்க விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிவப்புப் பென்சிலால் ஒரு சிறு கோடு போடச் சொன்னார், கழித்தல் குறி. பக்கத்தில் என் கையெழுத்து. அந்தப் பக்கத்தை ஒயர்மேன்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

கன்னியப்பன் கடைசிவரை நான் சொன்னதை நம்பவில்லை. "அது வாங்கிக்கினு குடுத்துதுமா" என்பார். காலித் தொட்டியை அறையின் மூலையில் வைத்து, ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதற்கு மட்டும் தனியாகப் பொட்டு வைத்தார். உள்ளே எதையும் போடவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன். பார்த்ததுதான். என் உள்ளங்கையில் ஒரு முடிச்சின் வடுவும் இன்னும் இருக்கிறது.

இப்போது ஷர்மிளாவின் அலமாரி. அவள் திரையைக் காட்டினாள். ஒவ்வொரு செல்லும் ஒரு பச்சைக் கட்டம். மாலை ஆறரை மணி. ஊர் இழுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கட்டம் மட்டும் பக்கத்துக் கட்டத்தின் எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. இது மாறினால் அதுவும் மாறியது. ஏன் என்று கேட்டேன்.

"அது சென்சார் கோளாறு மேடம். பீக் அவர்ல மட்டும் ஏதோ தப்பாக் காட்டுது. அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்துது. அதனால பக்கத்து செல்லோட ரீடிங்கையே காட்டற மாதிரி மாத்தி வச்சுட்டோம்."

"பாத்ததாம்மா, நெனச்சதா?"

அவளுக்குப் புரியவில்லை. கை மீட்டரால் ஒரு முறை அளந்து பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கையுறை மாட்டினாள். அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தாள். நான் அந்தப் பழைய தரையில் நின்றேன். இந்தப் பாட்டரியில் கொப்பளிக்க நீர் இல்லை, எல்லாம் மூடி ஒட்டியது என்று வரும் வழியில் அவளே சொல்லியிருந்தாள். எனக்கும் தெரியும். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்தேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. கொஞ்சம் வெட்கம் கலந்த குரல்.

"சாரி மேடம், மைனஸ்ல காட்டுது. ஒயரை மாத்திப் புடிச்சுட்டேன்போல. ஒரு நிமிஷம், மாத்திடறேன்."

"மாத்தாதே" என்றேன். "கைய எடுத்துட்டு வெளிய வா. வந்து, பாத்தத அப்படியே எழுது."